இரண்டு செங்கல் உயரத் தண்ணீர்

ஷாகிரா கணுக்கால் தண்ணீரில் நின்றபடி எதிர்வீட்டுக் கதவு நிலையில் வெள்ளி நிறத்தில் ஒரு கோடு போட்டார். இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தார். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அது ஆவணி மாதத்துப் பிற்பகல். மழை ஒரு மணி நேரம்கூடப் பெய்யவில்லை. நின்று அரை மணி ஆகியும் எங்கள் தெருவில் தண்ணீர் நகராமல் கிடந்தது. பால் பாக்கெட்டுகளும் தெர்மாகோல் துண்டுகளும் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் மிதந்தன. ஷாகிரா ஷூ கம்பெனியின் நீல மேலங்கியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"இன்னாம்மா பண்ற?" என்று என் வீட்டுக் கேட்டில் நின்றபடி கேட்டேன்.

"மார்க் பண்றேண்ணா. தண்ணி எறங்கிட்டா எதுவும் தெரியாது. அதுக்குள்ள எல்லா வூட்லயும் போட்டுடணும்."

"போட்டு?"

"போட்டுட்டு சொல்றேன்."

சென்ற வாரம் இந்தப் பகுதியில், ஏரிக்கரை உடைந்த செய்திக்காக நான் ஓடிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "ஊர்த் தண்ணீரையெல்லாம் அளந்தீர்களே, உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

வந்ததில்லை. ஷாகிரா கோடு போட்ட அன்றும் நான் காய்ந்த தரையில்தான் நின்றேன். ஏன் வரவில்லை என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

ஜன்னலோரக் கட்டில்

ஆம்பூரில் எங்கள் தெரு ரயில் பாதைப் பக்கம் மேடாகத் தொடங்கிப் பாலாற்றுப் பக்கம் இறங்கும். மேட்டிலிருந்து இறங்கி வந்தால் ஷாகிராவின் வீட்டுக்கு அடுத்தது என் வீடு. நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து.

ஷாகிரா ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்ப்பவர். அவருடைய கணவர் யூசுப் பாய், டேனரியில் தோல்களைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்களை ஓட்டியவர். சில வருடங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. முன்னறை ஜன்னலோரம் ஓர் இரும்புக் கட்டிலில் படுத்திருப்பார்.

"மத்ததெல்லாம் ரிட்டயர்டு சார். வாய் மட்டும் டியூட்டில இருக்கு" என்பார்.

பகலில் அவர் தனியாகத்தான் இருப்பார். மதியம் என் மனைவி எஸ்தர் போய்த் தண்ணீர், சாப்பாடு பார்த்துவிட்டு வருவாள். தெருவில் போகிற அத்தனை பேரையும் ஜன்னல் வழியாக வம்புக்கு இழுப்பார் யூசுப் பாய்.

மழை வந்தால் அந்த வாய் அடங்கிவிடும்.

அந்த ஆவணிக்கு முந்தைய வருட மழையில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஷாகிரா கம்பெனியில் இருந்தார். நானும் எஸ்தரும் வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். யூசுப் பாயின் போன் எதிர்ச் சுவரில் சார்ஜில் கிடந்தது. வாசற்படி தாண்டி வந்த தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. அதற்கு மேலும் ஏறுமா ஏறாதா என்று தெரியாமல் அவர் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். கத்தியிருக்கிறார். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அதன்பிறகு கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே செங்கல் வைத்தார்கள். "என் கட்டிலுக்கு மாடி கட்டிட்டா சார்" என்று சிரித்தார். ஆனால் தூறல் விழுந்தால்கூடக் கண்ணை மூட மாட்டார். படியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கோடு போட்ட அந்த ஆவணி மழையில் மேகம் கறுத்ததுமே ஷாகிரா சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தார். இருந்தும் தண்ணீர் உள்ளே வந்தது. அன்றைக்கு எஸ்தரிடம் சொல்லியிருக்கிறார்: "இன்னொரு மழைக்கு இங்க இருக்க மாட்டேங்க்கா. வூட்ட வித்துட்டு எங்கக்கா ஊருக்கே போய்டறோம். ஐப்பசிக்குள்ள முடிவு பண்ணிடணும்."

அந்த வீட்டை அவர்கள் இருவரும் சேர்ந்து அறை அறையாகக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

யாருடைய முழங்கால்?

வேலூரில் ஒரு நாளிதழில் நிருபராகச் சேர்ந்த புதிதில் ஒரு மழைச் செய்தி எழுதினேன். 'முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியது' என்று தொடங்கியது. செய்தி ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரோட முழங்கால்?"

"சார்?"

"உன்னோடதா, என்னோடதா? நான் ஆறடி இருக்கேன். எந்த இடம், எந்தப் பக்கம், எவ்வளவு? போய்ப் பாத்துட்டு வா."

போவதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. ஒரு டீக்கடைச் சுவரில் சேற்றுக் கறை மட்டும் இருந்தது. டீக்கடைக்காரரின் மகளிடம் பள்ளிக்கூட ஸ்கேலை இரவல் வாங்கி அதை அளந்தேன். அன்றிலிருந்து எதையும் அளக்காமல் எழுதியதில்லை.

அதன்பிறகு பணியில் இருந்த வருடங்களில் ஏரி, ஓடை, கால்வாய், மதகு என்று தண்ணீர் போகும் வழியெல்லாம் போனேன். 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை நான் எழுதிய அளவுக்கு எங்கள் பதிப்பில் வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கல்யாண மண்டபம் கட்டியவர், குடோன் கட்டியவர், கரையை வளைத்து வேலி போட்டவர் என்று எத்தனையோ பேர் அந்தச் செய்திகளில் வந்தார்கள். தலைப்பு எதுவானாலும் ஆக்கிரமித்தவர் எப்போதும் வேறொருவர்.

எதிர்கால நகரங்கள் பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்கும் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறேன். குளிரூட்டிய அரங்கம். திரையில் பச்சைப் பசேல் என்று ஒரு நகரம். அதில் குப்பை இல்லை, கூட்டம் இல்லை, வெயில்கூட அளவாக அடித்தது. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, வாகனம் நிறுத்துமிடத்தில் என் ஸ்கூட்டர் பாதிச் சக்கரம் தண்ணீரில் நின்றது. பேசியவரின் காரும்தான். இருவரும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வண்டியை எடுத்தோம். அதைச் செய்தியில் சேர்த்தேன். ஆசிரியர் குழு எடுத்துவிட்டது.

படிகள் காணாமல் போன விதம்

நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்தபோது தெருவிலிருந்து வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டும். சாலை போட வந்தவர்கள் பழைய தாரின் மேலேயே புதுத் தாரை ஊற்றினார்கள். ஒரு படி போயிற்று. அடுத்த முறை இன்னொரு படி. மூன்றாவது முறைக்குப் பிறகு தெருவும் வீடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. அதைவிடத் தாழ்வான பழைய வீடுகளில் இருந்தவர்கள் தெருவிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போனார்கள்.

ஊரும் அதே வேகத்தில் வளர்ந்தது. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் புது நகர்கள் வந்தன. கம்பெனி வேன்கள் பெருகின. முன்பு மண்ணில் இறங்கிய மழை இப்போது சிமென்ட்டில் விழுந்து தெருவுக்கு ஓடி வந்தது. மழையும் முன்போல நாள் கணக்கில் நசநசப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது.

இடித்துக் கட்டியவர்கள் எல்லோரும் தெருவை விட நான்கடி உயரத்தில் கட்டினார்கள். அவ்வளவு உயரத்துக்கு வண்டி ஏற வேண்டுமே. அதற்கு வாசலுக்கு நேராகச் சாக்கடையை அடைத்து, ஜல்லியும் சிமென்ட்டும் கொட்டி, தெருவுக்குள் நீளும்படி ஒரு சரிவு கட்டினார்கள். புதுமனை புகுவிழாவுக்கு முந்தைய வாரத்து வேலை இது. எங்கள் ஊரில் யாரும் இதற்கு அனுமதி கேட்பதில்லை. யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை. கேட்கக்கூடியவர் வாசலிலும் ஒரு சரிவு இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் இடித்துக் கட்டினேன். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். ஒடுகத்தூரிலிருந்து வந்த மேஸ்திரி சரிவுக்குப் பலகை அடித்துக்கொண்டே, "உள்ள ஒரு நாலு இஞ்ச் பைப்பு உட்டுடறேன் சார். தண்ணி அதுல ஓடிடும்" என்றார்.

நான் தலையாட்டினேன். கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன், ஒரு தெருவின் தண்ணீர் நாலு அங்குலக் குழாயில் எப்படிப் போகும் என்று கேட்கவில்லை.

தோலில் குறை

மறுநாள் காலை ஷாகிரா வந்தார். வீட்டைக் கழுவிய களைப்பு முகத்தில் இருந்தது. எஸ்தர் கொடுத்த டீயை நின்றுகொண்டே குடித்தார்.

"அண்ணா, நீங்க பேப்பர்காரரு. நான் கோடு போட்டுட்டேன். எந்த வூட்ல எவ்ளோ தண்ணி நின்னுச்சுன்னு நீங்க பாத்து எழுதிக் குடுங்க. முனிசிபாலிட்டில குடுப்போம்."

"இந்தப் பேனா ஏது?"

"கம்பெனிப் பேனாதான். தோலு வந்ததும் டேபிள்ல விரிச்சு இதுலதான் மார்க் பண்ணுவோம். உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளு கீறுனது, கத்தி பட்டது, எல்லாத்தையும் சுத்திக் கோடு போட்டுடணும். கட்டிங்காரன் அத உட்டுட்டு வெட்டுவான்."

"போடாம விட்டா?"

"ஷூ ஆனப்புறம் தெரியும். ஜோடியே வேஸ்ட்டு. இன்னா திட்டு உழும் தெரியுமா? குறை இருக்கறது தப்பு இல்லண்ணா. மாட்டுக்கு முள்ளு கீறும். மறைச்சாதான் பேஜார்."

சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். நான் நோட்டும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு தெருவின் மேட்டிலிருந்து தொடங்கினேன்.

கேட்டின் இரண்டு தூண்கள்

பழைய பழக்கம், உற்சாகமாகவே இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெள்ளிக் கோட்டைத் தேடி, தரையிலிருந்து உயரத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். நாற்பது நிமிட வேலை. மனத்துக்குள் செய்தியும் தயாராகிக்கொண்டிருந்தது. தெரு முடியும் இடத்தில் ஒரு குடோன் இருக்கிறது. கால்வாயை அவர்கள்தான் நெருக்கியிருக்க வேண்டும் என்பது என் முடிவு. அளப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஷாகிரா வீட்டை முடித்து என் கேட்டுக்கு வந்தேன்.

என் காம்பவுண்டுச் சுவர் பூசாத செங்கல் சுவர். வரிசைகளுக்கு நடுவே சிமென்ட் கோடு அழகாகத் தெரியும். கேட்டின் இரண்டு தூண்களிலும் ஷாகிரா கோடு போட்டிருந்தார். அவர் வீட்டுப் பக்கத்துத் தூணில், கீழிருந்து நான்காவது செங்கல் வரிசையில் கோடு. ஆற்றுப் பக்கத்துத் தூணில் இரண்டாவது வரிசையில்.

மறுபடி எண்ணினேன். மேலிருந்து எண்ணினேன். மேஸ்திரி வரிசைகளை மட்டம் பார்த்துத்தான் கட்டியிருந்தார். ஒரே மழை, ஒரே நேரம், நடுவில் ஒரு கேட். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு செங்கல் வித்தியாசம்.

நடுவில் இருந்தது என் சரிவு.

குனிந்து பார்த்தேன். நாலு அங்குலக் குழாயின் வாயில் பால் பாக்கெட்டும், வெட்டிப் போட்ட தோல் துண்டுகளும் அடைத்திருந்தன. அடைக்காவிட்டாலும் போதாது. மேட்டிலிருந்து வந்த தண்ணீரை நான் கட்டிய அணை நிறுத்தியது. நின்ற தண்ணீர் பக்கத்தில் இருந்த பள்ளத்துக்குப் போனது. அந்தப் பள்ளம் யூசுப் பாயின் முன்னறை.

நிமிர்ந்தபோது ஷாகிரா டிபன் பையோடு தன் படியில் நின்றிருந்தார். கம்பெனி வேனுக்குக் காத்திருந்தார்.

"உனக்கு நேத்தே தெரியுமா?" என்றேன்.

"போன வருசமே தெரியும்ணா."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"நான் சொன்னா சண்ட. நீங்களே எழுதுனா நியூஸ்."

வேன் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "சார், ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புன்னு எழுதுவீங்களே. அந்த லிஸ்ட்ல எங்க பக்கத்து வூடு வருமா வராதா?"

"வரும் பாய்."

"அப்டின்னா போட்டோவோட போடுங்க. கம்மியா போட்டுடாதீங்க."

சம்மட்டி

சரிவை இடிக்கப் போகிறேன் என்று எஸ்தரிடம் சொன்னேன். "காரை எங்க நிறுத்துவீங்க?" என்றாள்.

"தெருவுல."

"வெயில்ல பெயிண்ட் போய்டும்."

"போகட்டும்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. கட்டும்போதே சொன்னேன், கேட்டீங்களா?"

சொன்னாளா என்று எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பாள்.

பட்டியலில் முதல் வரியாக என் வீட்டை எழுதி, நகராட்சியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஓர் இளம் பொறியாளர் ஸ்கூட்டியில் வந்தார். நாட்றம்பள்ளிக்காரப் பெண். அதற்குள் நான் கூப்பிட்ட இரண்டு ஆட்கள் சம்மட்டியோடு என் சரிவைப் பாதி உடைத்திருந்தார்கள். அடியில் பழைய சாக்கடையின் கருங்கல் சுவர் ஒரு கல்கூடப் பெயராமல் இருந்தது. பொறியாளர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"நாங்க வந்து இடிச்சா கோர்ட்டுக்குப் போவாங்க சார். தானே இடிச்சுட்டு எங்களைக் கூப்பிட்டவரை இப்பத்தான் பாக்கறேன்."

சாக்கடை மேல் சிமென்ட்டுக்குப் பதில் தூக்கி எடுக்கக்கூடிய இரும்புக் கம்பி மூடி போடச் சொன்னார். சரிவைக் கேட்டுக்கு உள்ளே கட்டிக்கொண்டால் கார் அந்த மூடி மேல் ஏறிப் போகும். உள்ளே கை விட்டுத் தூர் வாரலாம். அடுத்த முறை சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்று கோப்பில் எழுதுவதாகவும் சொன்னார். எழுதினார். எடுத்த வேலையை அவர் விடவில்லை. பாதித் தெருவைச் சுரண்டியாயிற்று. மீதிக்காக இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தெருவில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. "ரிட்டயர் ஆனா இப்டித்தான், எதையாவது உடைக்கத் தோணும்" என்றார் ஒருவர். ஆனால் அவரே அடுத்த வாரம் தன் வாசலை உடைத்தார். அவர் கதவு நிலையிலும் ஒரு கோடு இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தானே வெளியே வர வேண்டும். ஒவ்வொருவராக எட்டு வீடுகள் உடைத்தன. மூன்று பேர் இன்றுவரை உடைக்கவில்லை. அவர்களில் ஒருவர் எனக்கு வணக்கம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

யூசுப் பாய் ஒரு யோசனை சொன்னார். "டேனரில தரை போட்டா மேஸ்திரிய நம்ப மாட்டோம் சார். மேட்டுல ஒரு டிரம் தண்ணிய ஊத்துவோம். அது தானா நடந்து போய்க் கால்வாய்ல சேரணும். நடுவுல எங்கயாவது நின்னுச்சுன்னா தரைய ஒடைச்சு மறுபடி போடணும். மழை வந்து சொல்ற வரைக்கும் ஏன் காத்துனு இருக்கணும்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து தெருவின் மேட்டில் திறந்துவிட்டோம். தண்ணீரோடு கூடவே பாதித் தெரு நடந்தது. இரண்டு இடங்களில் நின்றது. அந்த இரண்டு இடங்களையும் தோண்டிச் சரிசெய்தோம். என் கேட்டைத் தாண்டும்போது தண்ணீர் தயங்கவில்லை. யூசுப் பாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கழுத்தை நீட்டிப் பார்த்து, "போவுது, போவுது" என்று ரயில்வே அறிவிப்பு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வளரும் நகரங்கள் வருங்காலத்தை எப்படிச் சமாளிக்கும் என்று இப்போதும் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். பெரிய திட்டங்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவையும் வேண்டும். நான் எங்கள் தெருவைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே ஒருவர் ஒரு வருடம் முழுக்கத் தன் வீட்டு நாசத்துக்குக் காரணம் யார் என்று தெரிந்திருந்தும், அவன் வீட்டு டீயைக் குடித்தார். அவன் மனைவியை அக்கா என்றார். அவனே கண்டுபிடிக்கும்படி ஒரு கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தார். முப்பது வருடச் செய்தியாளனுக்கு இதைவிட மரியாதையாக யாரும் தவறைச் சுட்டிக்காட்டியதில்லை. அதற்காக ஷாகிராவிடம் நன்றி சொன்னேன். "அதெல்லாம் அப்றம்ணா, மொதல்ல மழை வரட்டும்" என்றார்.

பிற்பகல் மூன்று மணி

ஐப்பசியில் மழை வந்தது. வீட்டை விற்பது பற்றி அவர்கள் அதுவரை முடிவு சொல்லியிருக்கவில்லை. அந்த மழையைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக ஷாகிராவின் அக்காவுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஷாகிரா கம்பெனியில் இருந்தார். ஏற்றுமதி அவசரம், அன்றைக்கு விடவில்லை. மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஆவணி மழையை விடப் பலம். எதிர்வீடு தெரியவில்லை. நான் குடையை விரிப்பதற்குள்ளேயே நனைந்துவிட்டேன். என் வாசலில் இரும்பு மூடிக்குக் கீழே தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. தெருவிலும் ஓடியது. ஆனால் ஓடியது, நிற்கவில்லை.

ஷாகிரா வீட்டுப் படியில் கையை வைத்துப் பார்த்தேன். சாரல் ஈரம்தான். கதவைத் தள்ளி உள்ளே போனேன். தரை காய்ந்திருந்தது.

"பாய்" என்றேன். பதில் இல்லை.

ஒரு நொடி பயந்துவிட்டேன். கிட்டே போனேன். வாயைத் திறந்து, ஒரு கை நெஞ்சின் மேல் கிடக்க, லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

என் போன் அடித்தது. அவர் விழித்துவிடுவாரோ என்று வாசலுக்கு வந்து எடுத்தேன். பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"அண்ணா, தண்ணி?"

"வரலம்மா."

"நெஜமா? உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"உள்ள போய்ப் பாத்துட்டுத்தான் நிக்கறேன். துளிகூட வரல."

"அவர்கிட்ட குடுங்க."

"தூங்கறாரும்மா."

மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"இந்த மழையிலயா?" என்றார்.

"ஆமா."

மூக்கை உறிஞ்சும் ஓசை. பிறகு, மிகத் தாழ்ந்த குரலில், பக்கத்தில் அவர் படுத்திருப்பது போல:

"எழுப்பிடாதீங்கண்ணா."